பாய்லர் வாசல் கடிகாரம்

அக்காவுக்கு அவர் நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தார். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. சலவை ஆலையில் இஸ்திரி போட்டுச் சேர்த்த பணத்தை அக்கா ஒரு துணிப்பையில் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். "எதுக்குன்னு சொல்லாத, சொன்னாலும் எனக்குப் புரியாது. பாழாக்கிடாத, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பணத்தில்தான் அவர் தன் முதல் கம்ப்யூட்டரை வாங்கினார். இரண்டே வருஷத்தில் கடைசிக் காசு வரைக்கும் திருப்பிக் கொடுத்தார். கடன் வாங்கினவன் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டுமென்றால் அப்படித்தான் கொடுக்க வேண்டும். அவர் கொடுத்தார், நடந்தார்.

இதையெல்லாம் மூடி மறைக்கிற ஆள் இல்லை அவர். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ரேடியோ ரிப்பேர் கடையில் தரை பெருக்கச் சேர்ந்து, முதலாளி சாப்பிடப் போகிற நேரம் பார்த்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து தொழிலைப் பிடித்தவர். ரேடியோவுக்கு ஆள் குறைந்து டிவி வந்தது, டிவி மலிந்து கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொரு தடவையும் மற்ற மெக்கானிக்குகள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். இவர் அடுத்த பெட்டியின் மூடியைக் கழற்றினார். இங்கிலீஷில் ஒரு பாரா படிக்க அவருக்கு அரை நாள் பிடிக்கும். ஆனால் ஒருமுறை படித்துவிட்டால் அந்தப் பாரா சாகும்வரை அவரை விட்டுப் போகாது. சும்மா சொல்லக் கூடாது, இப்படி ஓர் ஆளை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

ஊரில் கடிகாரம் விற்கிறவர்கள் ஏகப்பட்ட பேர். அவர் நேரத்தையே விற்றார். பெரிய இடங்களில் பத்துக் கடிகாரம் இருந்தால் பத்து நேரம் காட்டும்; யார் முன்னால் வந்தது, யார் பின்னால் வந்தது என்று தினமும் தகராறு. அவர் கூரைமேல் உள்ளங்கை அளவு ஆன்டெனா ஒன்றை வைப்பார். அது செயற்கைக்கோளிடமிருந்து சரியான நேரத்தைப் பிடித்து ஆபீஸில் இருக்கும் தலைமைப் பெட்டிக்குச் சொல்லும். மற்ற இடங்களில் இருக்கும் சின்னப் பெட்டிகள் தலைமைப் பெட்டியிடம் அடிக்கடி கேட்டுக் கேட்டுத் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். பஸ் நிலைய ஆபீஸ், இரண்டு கல்லூரி, ஒரு அச்சகம், அக்கா வேலை பார்க்கும் சலவை ஆலை, எல்லாம் அவர் கொடுத்த நேரத்தில்தான் ஓடின. பெற்றவர்கள் வைத்த பெயரை எல்லோரும் மறந்துபோய் 'டைம்காரர்' என்றே கூப்பிட்டார்கள். அவரும் அதைப் பட்டம் போல ஏற்றுக்கொண்டார்.

இப்படிக் கேட்டுக் கேட்டுத் திருத்துகிற வேலையைச் செய்வது ஒரு மென்பொருள். அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, தயார் நிலையில். இறக்கிப் போட்டால் ஓடும். டைம்காரர் அதைத் தொடமாட்டார். மனுஷன் எழுதின வடிவத்திலேயே அதன் மூலநிரலை வாங்கி, வேண்டாததை வெட்டி, தன்னுடைய பழைய ஆன்டெனாவுக்கு ஏற்ற பகுதியைச் சேர்த்து, தன் கையாலேயே கம்பைல் செய்து, அதாவது மெஷினுக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றிக் கட்டி, அதைத்தான் எல்லாப் பெட்டியிலும் போடுவார். "ரெடிமேட்ல எல்லாருக்கும் எல்லாம் இருக்கும், எனக்கு வேண்டியது மட்டும் இருக்காது" என்பார். அதில் நியாயமும் உண்டு. அந்தப் பழைய ஆன்டெனாவை ரெடிமேட் மென்பொருள் கைவிட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

அந்த வருஷம் அவர் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். ஆலைக்குப் புதுப் பதிப்பு கட்டும்போது, கம்பைல் செய்கிற கட்டளையில் ஒரு சின்ன வாலைச் சேர்த்தார்: 'இந்த மெஷினுடைய முழுப் பலத்தையும் பயன்படுத்து' என்பது அதன் பொருள். கட்டி ஓட்டிப் பார்த்தால் முயல் மாதிரி ஓடியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "முன்னைக்கு இப்ப எவ்வளவு வேகம் பாரு." அவள் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நேரம் எப்பவும் ஒரே வேகத்துலதானங்க போகும்?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அவளுக்கு எதைச் சொன்னாலும் இப்படித்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சலவை ஆலைக்கு மூன்று வாசல். ஆபீஸ்காரர்களுக்கு முன்வாசல். ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாய் விரிப்புகள் வந்து இறங்க லாரி வாசல். இஸ்திரிக் கூடத்துப் பெண்கள் காலையில் உள்ளே வர பாய்லர் வாசல். அந்த வாசலை விடிந்ததும் திறந்து, பெண்கள் உள்ளே போனதும் பூட்டிவிடுவார்கள். வேலை முடிந்து போகும்போது பை சோதனைக்காக அவர்கள் முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கார்டு மெஷின். அதற்குள் டைம்காரரின் சின்னப் பெட்டி. கார்டைக் காட்டினால் நேரம் பதிவாகும். காலை ஏழு தாண்டிப் பதிவானால் கால் நாள் கூலி போச்சு. முதல் இரண்டு வாசலுக்கும் புதுப் பெட்டி வாங்கிப் போட்டவர், பாய்லர் வாசலுக்கு மட்டும் வீட்டில் சும்மா கிடந்த பழைய பெட்டி ஒன்றைத் துடைத்து மாட்டினார். நாளைக்கு ஒரு தடவை திறக்கிற வாசலுக்கு இது போதும் என்பது கணக்கு.

புதுப் பதிப்பு போட்ட வாரத்திலேயே சனியன் பிடித்தது. பாய்லர் வாசல் பெட்டியில் மட்டும் மென்பொருள் செத்துச் செத்து விழுந்தது. இஸ்திரிக் கூடத்துக்கு இரவில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். விடியுமுன் பாய்லர்காரர் வந்து சுவிட்சைப் போடுவார். பெட்டி எழும்பும், மென்பொருள் கிளம்பும், தலைமைப் பெட்டியிடம் ஒழுங்காக நேரம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றுவிடும். தலைமைப் பெட்டியின் பட்டியலில் மற்ற இரண்டு வாசலும் உயிரோடு இருக்கும், பாய்லர் வாசல் ஊமையாகிக் கிடக்கும்.

இதை அவர் ஆலையில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்குப் பெரிய விஷயமாகவும் அவருக்குப் படவில்லை. நேரம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாவிட்டாலும் கடிகாரம் தன்பாட்டுக்கு ஓடும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று விநாடி முன்பின்னாகும், மறுநாள் காலை மறுபடி சரியாகிவிடும். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனாலும் தன் கையால் கட்டியது விழுகிறது என்பது அவரைக் குடைந்தது. இருப்புக் கொள்ளவில்லை. மின் அடாப்டரை மாற்றினார். மெமரி கார்டை மாற்றினார். கேபிளை மாற்றினார். நீராவிக் குழாயின் சூடாக இருக்கும் என்று பெட்டிக்கு ஒரு குட்டி மின்விசிறி வைத்தார். விசிறி ஓடியது, மென்பொருள் விழுந்தது. வீட்டு மேஜையில் அதே மென்பொருள் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு தும்மல்கூடப் போடாமல்.

"இங்க ஓடுது, அங்க விழுது" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார் ஒரு நாள்.

"சாப்பாட்டையா சொல்றீங்க?" என்றாள் மனைவி. "அப்பலேருந்து பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்க."

பொறுக்காமல், அந்த மென்பொருளைப் பற்றிப் பலபேர் கேள்வி கேட்கும் இணையக் குழுவில், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நாலு வரி எழுதிப் போட்டார். எங்கோ இருக்கிற ஒருவன் ஒரே வரியில் பதில் போட்டிருந்தான்: 'எந்த மெஷினில் கட்டினாய், எந்த மெஷினில் ஓட்டுகிறாய்?' டைம்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. பெட்டி விழுகிறது என்று கேட்டால் கட்டினவனை விசாரிக்கிறானே. என் வேலையைச் சந்தேகப்பட இவன் யார் என்று அதற்குப் பதிலே எழுதவில்லை. எழுதியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அந்த மாதச் சம்பள நாளில் இஸ்திரிக் கூடமே கொதித்தது. பதினோரு பெண்களுக்குக் கூலி வெட்டு. சிலருக்கு ஐந்தாறு நாள், சிலருக்கு அதற்கும் மேல். பெண்கள் மேனேஜர் அறை வாசலில் போய் நின்றார்கள். மேனேஜர் டைம்காரருக்குப் போன் போட்டார்.

காலை பத்து மணி வாக்கில் அவர் போனார். பூட்டியிருந்த பாய்லர் வாசலைத் திறந்துவிட்டார்கள். ரேடியோக் கடையில் படிந்துபோன பழக்கம் ஒன்று அவருக்கு உண்டு: எந்தப் பெட்டி முன்னால் போய் நின்றாலும் முதலில் அதை ஒருதடவை அணைத்து, மறுபடி போடுவார். அன்றைக்கும் அணைத்துப் போட்டார். பெட்டி எழும்பியது. அவர் தன் போனைப் பக்கத்தில் பிடித்தார். இரண்டிலும் விநாடி பிசகாமல் ஒரே நேரம்.

"பாத்துக்குங்க சார். நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

"அப்ப மெஷின்ல தப்பில்லேன்னு நான் சொல்லிடலாமா?" என்றார் மேனேஜர்.

"தாராளமா. மனுஷன் பொய் சொல்லுவான் சார். என் மெஷின் சொல்லாது."

கதவோரம் நின்றிருந்த பெண்களின் காதில் இது விழுந்தது. அங்கே அக்காவும் நின்றிருந்தாள். அவள் முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நான் பொய் சொல்றேன்னு மேனேஜர்கிட்ட சொன்னியாடா?"

"உன்னைச் சொல்லல அக்கா. பொதுவாச் சொன்னேன்."

"பொதுவுல நான் இல்லியா?"

"சரி, நீ லேட்டா வந்திருக்க. வயசாவுதில்ல, நடை குறைஞ்சிருக்கும். அதுக்கு மெஷின் என்ன பண்ணும்?"

"இருபத்தாறு வருஷமா நான் ஒரு நாள் லேட்டாப் போனதில்ல. அம்மா செத்த அன்னிக்கு லீவு சொல்லப் போனேனே, அன்னிக்கும் நேரத்துக்குத்தான் போனேன்."

மனைவி நடுவில் வந்து, "உட்காருங்க அண்ணி, ஒரு வாய் தண்ணி குடிங்க. இவர் ரெண்டு வாரமாவே ஒரு நிலையில இல்ல. அந்தப் பெட்டி வேற தினமும் செத்துச் செத்து விழுதாம்" என்றாள்.

அக்கா திரும்பினாள். "எந்தப் பெட்டி?"

டைம்காரர் மனைவியை முறைத்தார். முறைத்து என்ன ஆகப்போகிறது. வாயை விட்டு வந்தாயிற்று. "அது வேற விஷயம். உள்ள ஓடுற மென்பொருள்தான் விழுது. கடிகாரம் பாட்டுக்கு ஓடும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"சம்பந்தம் இல்லேன்னு நீ கண்ணால பாத்தியா?"

"பாக்க வேண்டியதே இல்ல. எனக்குத் தெரியும்."

"உனக்கு எல்லாம் தெரியும், அதான் தொல்லை." அக்கா வாசல்படியில் நின்றாள். "நாளைக்குக் காலையில என்கூட வா. நான் கார்டு காட்டுறப்ப பக்கத்துல நில்லு. ஒண்ணு மட்டும் சொல்றேன், எதையும் தொடக் கூடாது. சின்ன வயசுல ஓடிக்கிட்டிருந்த டைம்பீஸைத் திறந்து பாத்து நிறுத்தினவன் நீ. கையைக் கட்டிக்கிட்டு வர்றதுன்னா வா."

அன்றைக்கு அவர் தூங்கினாரா என்பதை மனைவிதான் சொல்ல வேண்டும். அவள் சொன்னது, கட்டிலே ஆடிக்கொண்டிருந்தது என்று.

காலையில் அக்காவுக்கு ஈடுகொடுத்து நடக்க அவருக்கு மூச்சு வாங்கியது. நடை குறைந்தது யாருக்கு என்று அவள் கேட்கவில்லை; கேட்டிருந்தால்கூடத் தேவலாம். பாய்லர் வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். உள்ளே போனோ வாட்ச்சோ கொண்டுபோகக் கூடாது என்பதால் யார் கையிலும் இரண்டும் கிடையாது. தாங்கள் வந்த நேரத்தை அவர்களால் எதைக் காட்டியும் நிரூபிக்க முடியாமல் போனது அதனால்தான்.

"வாங்க டைம்காரரே" என்றாள் ஒருத்தி. "எங்க பொய்யைப் பிடிக்க வந்தீங்களா?"

"பின்னால நில்லுங்க, அக்கா தம்பிக்கெல்லாம் தனி வரிசை கிடையாது" என்றாள் இன்னொருத்தி. வரிசை சிரித்தது.

அக்காவின் முறை வந்தது. டைம்காரர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். ஆறு ஐம்பத்தாறு. அக்கா கார்டைக் காட்டினாள். மெஷின் ஒரு பீப் போட்டு, சிவப்பு எழுத்தில் ஏழு மணி மூன்று நிமிஷம் என்று காட்டியது.

அவர் போனைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். ஏழு நிமிஷம் முன்னால் ஓடுகிறது. இரண்டு மூன்று விநாடி அல்ல, ஏழு நிமிஷம். அவரை அறியாமலே கை நீண்டு, மெஷினின் பக்கவாட்டில் இருந்த சுவிட்சுக்குப் போனது. அக்கா அந்தக் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

"தொடாதன்னு சொன்னேன்."

அந்த ஒரு அடியில்தான் அவருக்குப் புத்தி வந்தது. நேற்றும் அதற்கு முன்பும் வந்தபோதெல்லாம் முதல் வேலையாக அணைத்துப் போட்டது தானேதான். அணைத்துப் போட்டதும் மென்பொருள் புதிதாய்க் கிளம்பி நேரத்தைச் சரியாக வைத்துவிடும். பிறகு போனைப் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்தால் ஒத்துத்தானே போகும். வியாதியைத் துடைத்துவிட்டு அப்புறம் நாடி பார்த்திருக்கிறார்.

பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். வாசலைப் பூட்ட வந்த பாய்லர்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, நீராவிக் குழாய் போகிற நடையில் ஒரு சோப்புப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். மடிக்கணினியைக் கார்டு மெஷினுக்குள் இருந்த பெட்டியோடு இணைத்தார். வேர்வை திரையில் சொட்டியது. மென்பொருள் வழக்கம்போலச் செத்துத்தான் கிடந்தது. ஆனால் இந்தத் தடவை அவர் அதை எழுப்பாமல், கடிகாரம் எந்த வேகத்தில் ஓடும்படி கட்டளை இருக்கிறது என்று மட்டும் பார்த்தார். முழு வேகத்தில் இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. அந்தப் பழைய பெட்டி எழும்பும்போது, மென்பொருள் நேரத்தை வைத்துக் கொடுத்த பிறகும் கடிகாரம் ஒரு துளி பின்தங்கியிருக்கும். மென்பொருள் முதலில் அதை ஓட்டமாக ஓடவிட்டு நேரத்தை எட்டிப் பிடிக்கவைக்கும். சரியான நேரம் வந்ததும் அளவெடுத்து, போதும், இனி நிதானமாகப் போ என்று அடக்கும். அந்த அளவெடுக்கிற கணக்கைப் போடப்போகிற இடத்தில்தான் மென்பொருள் விழுகிறது. 'ஓடு' என்று சொல்லியாயிற்று; 'நில்' என்று சொல்ல ஆள் உயிரோடு இல்லை. கடிகாரம் பாவம், சொன்ன சொல் தட்டாமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. பெண்கள் வருகிற நேரத்தில் ஏழு நிமிஷம் முன்னால் போய் நின்றிருக்கிறது.

சரி, ஏன் விழுகிறது? பெட்டி தன் பதிவில் அதற்கும் காரணம் எழுதித்தான் வைத்திருந்தது: இந்த மெஷினுக்குத் தெரியாத கட்டளை. அந்த வரியை அவர் முன்பும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் மெமரி கார்டையும் அடாப்டரையும் மாற்றினார். வன்பொருள் கெட்டால் இப்படி எதையாவது உளறும் என்று முடிவுகட்டிவிட்டார். இப்போது அந்த வரியை எழுத்துக்கூட்டி மறுபடி படித்தார். தெரியாத கட்டளை. மேஜைமேல் இருக்கிற மெஷினுக்குத் தெரிகிறது, இதற்குத் தெரியவில்லை. எந்த மெஷினில் கட்டினாய், எந்த மெஷினில் ஓட்டுகிறாய்?

அவர் மூலநிரலை அந்தக் கிழட்டுப் பெட்டியிலேயே இறக்கி, அங்கேயே கட்டினார். வீட்டில் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை, அங்கே முற்பகல் முழுக்க நகர்ந்தது. எழுந்தார், உட்கார்ந்தார், பாய்லர் வரைக்கும் போனார், திரும்பி வந்தார். பாய்லர்காரர் தன் டீயில் பாதியை ஒரு கிளாசில் ஊற்றிக் கொடுத்தார். கட்டி முடிந்து ஓட்டினார். விழவேண்டிய இடம் வந்தது, கடந்தது. கடிகாரம் ஓடியது, அடங்கியது, நிதானத்துக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் பார்த்தார். விழவில்லை.

அந்த வால். புதுக் கம்ப்யூட்டரின் முழுப் பலமும் வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சேர்த்த வால். புது மெஷினுக்கு மட்டுமே தெரிந்த கட்டளைகளை வைத்துக் கட்டி, அதைக் கொண்டுவந்து கிழவனின் வாயில் திணித்திருக்கிறார். மற்ற இரண்டு வாசலிலும் புதுப் பெட்டி, அவை விழுங்கிவிட்டன.

"சரியாயிடுச்சா?" என்று கேட்டார் பாய்லர்காரர்.

"ஆயிடுச்சு."

"நல்லது. இனிமே லேட்டு விழாது?"

"விழாது."

"அப்ப இத்தனை நாள் விழுந்தது?"

டைம்காரர் கேபிளைச் சுருட்டினார். சுருட்டிய கேபிளை அவிழ்த்து மறுபடி சுருட்டினார். பையை மாட்டிக்கொண்டு லாரி வாசல் வழியாக வெளியே போய்விட்டால் எவனுக்கும் தெரியப்போவதில்லை. மென்பொருள் இனி விழாது, நேரம் சரியாக இருக்கும். பெண்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஆலையோடு ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் வேறு. லாரி வாசல் வரைக்கும் போனார். மூட்டை இறக்குகிறவர்கள் ஒதுங்கச் சொன்னார்கள், ஒதுங்கினார். இஸ்திரிக் கூடத்து ஜன்னல் வழியே அக்கா தெரிந்தாள். பெரிய இஸ்திரி உருளைக்குள் ஈரவிரிப்பின் விளிம்பைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நீராவி அவள் முகத்தை மூடியது, திறந்தது. அவள் இவர் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்துத் தொலைத்திருந்தால் ஏதாவது கோபத்தைச் சாக்கிட்டுப் போயிருப்பார். அப்படியே திரும்பி மேனேஜர் அறைக்கு நடந்தார்.

"சார், மெஷின் தப்பு."

மேனேஜர் நிமிர்ந்தார். "நேத்து நூல் பிடிச்ச மாதிரின்னீங்க?"

"நேத்து தப்பாப் பாத்தேன். பாய்லர் வாசல்ல மட்டும் ஏழு நிமிஷம் முன்னால ஓடியிருக்கு. புதுப் பதிப்பு போட்ட நாள்லேருந்து. நான் கட்டினது அந்தப் பழைய பெட்டிக்கு ஒத்துக்கல. இப்பச் சரி பண்ணிட்டேன். வேற எவன் வந்திருந்தாலும் பெட்டியையே மாத்தணும்னு சொல்லிப் பில் போட்டிருப்பான். நான் காரணத்தைத் தோண்டி எடுத்திருக்கேன்."

"அதுக்கு நான் மாலை போடணுமா?"

"மாலை வேண்டாம் சார். வெட்டினதைத் திருப்பிக் குடுத்துடுங்க."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "சம்பளக் கணக்கு முடிஞ்சு மேல போயாச்சு. இனி நான் போய் திருப்பிக் குடுங்கன்னு கேட்டா, யார் தப்புன்னு கேப்பாங்க. உங்க பேரைத்தான் சொல்லணும். சொன்னா ஒப்பந்தம் இருக்காது. உங்க மூணு மாசப் பில் என் மேஜையில கிடக்கு. அதுலேருந்து எடுத்து நீங்களே குடுத்துடுறீங்களா? விஷயம் இங்கயே முடிஞ்சிரும்."

"என் பில்லுல பாதி போயிடும் சார்."

"போகட்டுமா, வேண்டாமா, அதை நீங்கதான் சொல்லணும்."

அவர் எழுந்தார். ஜன்னல்வரை போனார், வந்தார். இருபத்தைந்து வருஷமாக இந்த ஊரில் எவனுக்கும் ஒரு காசு பாக்கி வைக்காத மனுஷன். "குடுக்கச் சொல்லுங்க" என்றார். "நோட்டா, சில்லறையோட."

கேஷியர் ஒரு தடவை எண்ணினார், இவர் மூன்று தடவை எண்ணினார். இடைவேளையில் இஸ்திரிக் கூடத்துக்குள் போனார். உருளைகள் நின்றிருந்தன, சூடு நிற்கவில்லை. பெண்கள் மூட்டைகள்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் இப்படி வாங்க" என்றார். "லேட்டு போட்டது மெஷினோட தப்பு. நீங்க நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க. வெட்டினது எல்லாம் இதோ."

ஒருத்தி கேட்டாள், "மெஷின் தப்பா, மெஷின்காரர் தப்பா?"

"மெஷின்காரர்தான்." சொல்லும்போது வாய் கசந்தது. கூடவே, "ஆனா கண்டுபிடிச்சதும் நான்தானே" என்றார்.

"ஒளிச்சு வச்சவரே கண்டுபிடிச்சாராம்" என்றாள் இன்னொருத்தி. கூடம் சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது, வெளியே விடவில்லை.

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். யாருக்கு எத்தனை நாள் வெட்டு என்பது அவரவருக்கு மனப்பாடம். அவர் எண்ணிக் கொடுத்தார், அவர்கள் எண்ணி வாங்கினார்கள். ஒருத்தி வட்டி கேட்டாள். ஒருத்தி, "நாளைக்கு நான் நிஜமாவே லேட்டா வந்தாலும் மெஷின்தான் தப்புன்னு சொல்வீங்கல்ல?" என்று கேட்டாள். அவர் காதில் விழாததுபோல அடுத்த ஆளைப் பார்த்தார்.

எல்லோரும் வாங்கிப் போனபிறகும் அக்கா உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. அவர்தான் அவளிடம் போனார்.

"எத்தனை நாள் அக்கா?"

"ஒம்போது."

"ஒம்போதா? எல்லாரையும் விட உனக்குத்தான் அதிகம்."

"எல்லாரையும் விட நான்தான் தினமும் வந்தேன்."

அவர் நோட்டுகளை எடுத்தார். "சில்லறை கொஞ்சம் குறையுது, யாருக்கோ கூடக் குடுத்துட்டேன் போல. சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து தர்றேன்."

அக்கா வலது கையை நீட்டினாள். உருளைச் சூட்டில் தடித்துப்போன உள்ளங்கை, விரல்கள் விரிந்தபடி, அவர் முகத்துக்கு நேராக அசையாமல் நின்றது.

அவர் அந்தக் கையில் முதல் நோட்டை வைத்து, ஒன்று என்றார். அடுத்ததை வைத்து, இரண்டு என்றார். நோட்டுகள் முடிந்தன. கை மூடவில்லை. சட்டைப்பையைத் துழாவினார், கால்சட்டைப் பையைத் துழாவினார், பழைய ஸ்க்ரூ ஒன்றும் நாணயங்களும் வந்தன. ஸ்க்ரூவைப் பையில் போட்டுக்கொண்டு நாணயங்களை ஒவ்வொன்றாக நோட்டுகளின்மேல் வைத்தார், ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணியபடி, கணக்கு நேராகும் வரைக்கும்.